கரையில் குத்திய குண்டூசி

தங்கதுரை சார், நீங்கள் சொன்னது பொய்.

போன மாதம் புது ஆசிரியர்களுக்கு நடந்த பயிற்சியில் மேடையேறி, மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். "ஜப்பான் பிள்ளை ஒன்று நம் கடற்கரைப் பிள்ளையிடம் 'உன் அப்பா எங்கே' என்று ஆங்கிலத்தில் கேட்டது. ஒன்பது பேரில் எட்டுப் பேருக்குப் பதில் தெரியவில்லை. அப்பா எங்கே என்றே தெரியாத பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எங்கிருந்து வரும்?" மண்டபமே சிரித்ததாம். அந்த எட்டுப் பேருக்கும் பதில் தெரியும். தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும். நான் இரண்டு பக்கம் எழுதி உங்கள் கையில் கொடுத்தேன். என் கண் முன்னால்தான் படித்தீர்கள்.

இதை எழுதுகிற நான் அந்தப் பிள்ளைகளின் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்தவள். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. தங்கதுரை சார் அப்போது மாவட்டத்தில் ஆங்கிலப் பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி. இப்போது அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் ஆலோசகர் என்ற பெயரில் அதே மேடைகளில் பேசுகிறார்.

அந்த மண்டபத்தில் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தவள் சுபா. நான் விட்டுவந்த இடத்துக்கு வந்திருக்கும் ஆசிரியை. மறுநாளே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"டீச்சர், வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தோட ஆன்லைன்ல பேசுற திட்டம் திரும்ப வருது. லிஸ்ட் போட்டாச்சு. நம்ம ஸ்கூல் இல்ல. கடலோரத்துல ஒரு ஸ்கூல் கூட இல்ல. ஏன்னு கேட்டா பழைய ரிப்போர்ட்டப் பாருங்கன்னு சொல்லுதாவ. அந்த ரிப்போர்ட்ல அப்படி என்னதான் டீச்சர் இருக்கு?"

சுபா, உனக்கும் உன்னைப் போன்றவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். லிஸ்ட் இறுதியாக இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்கிறாய். அதற்குள் இது அச்சில் வர வேண்டும்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாசரேத் பக்கம் பிறந்தேன். மிஷன் பள்ளியில் படித்தேன். பி.எட். முடித்து, சாத்தான்குளம் பக்கத்துப் பனங்காட்டு ஊர்களில் பல வருடம், ஸ்ரீவைகுண்டத்தில் சில வருடம் என்று மாறுதலாகி, கடைசியில் தூத்துக்குடிக்கு வடக்கே இந்தக் கடலோர அரசுப் பள்ளிக்கு வந்தேன். இருபத்தெட்டு வருடம் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்திருந்தேன். அதுவரை ஒரு வெளிநாட்டுக்காரரிடம் ஒரு வாக்கியம் பேசியதில்லை. இதை வெளியே சொல்ல வெட்கப்படுவோம். நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். நீச்சல் தெரியாதவர்கள் கரையில் நின்று நீச்சல் சொல்லிக்கொடுக்கிற கதை.

கொரோனாவுக்கு முந்தைய வருடம் அந்தத் திட்டம் வந்தது. ஜப்பானில் ஒரு கடற்கரை ஊர். அங்கே ஒரு பள்ளி. அவர்களுக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை, நமக்கும் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் நமக்குப் பத்து மணி, அவர்களுக்கு மதியம் ஒன்றரை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கேமரா முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். பாடத்தின் பெயர் கலாச்சாரப் பரிமாற்றம்.

ஒரு நியாயத்துக்காக இதையும் சொல்கிறேன். அந்தத் திட்டத்தை எங்கள் பள்ளிக்குக் கொண்டுவந்தவர் தங்கதுரை சார்தான். கேமராவையும் கணினியையும் தூத்துக்குடியிலிருந்து தன் பைக்கில், துண்டில் சுற்றி, குழந்தையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்தார். இணைய இணைப்பு வரவில்லை என்று மொட்டை மாடியில் வெயிலில் நின்று வயர் பிடித்தார். சோம்பேறி இல்லை. கெட்டவரும் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அவர் வேலை செய்யும் முறை இதுதான். திங்கட்கிழமை ஜப்பான் பள்ளியிலிருந்து கேள்விகள் மெயிலில் வரும். செவ்வாய்க்கிழமை நான் பதில்கள் எழுத வேண்டும். புதன்கிழமை அவர் பச்சை மையில் திருத்துவார். வியாழக்கிழமை பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை ஒப்பிக்க வேண்டும். வந்ததும் நாற்காலியில் கைக்குட்டையை விரித்து அதன்மேல் உட்காருவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். ஒரு பிள்ளைக்கு நாற்பது விநாடி. நாற்பது முடிந்தால் ஆள்காட்டி விரலைத் தூக்குவார். பிள்ளை நடு வாக்கியத்தில் இருந்தாலும் நிறுத்திவிட்டு 'தேங்க்யூ' சொல்ல வேண்டும். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. எது சொன்னாலும் முடிவில் ஒரு வார்த்தை: "சிம்பிள்."

அந்தப் பச்சை மைப் பதில்களை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. "எங்கள் ஊரில் கரும்புத் தோட்டங்கள் அழகாக இருக்கும்." எங்கள் ஊரில் உப்பளமும் உடைமரமும்தான் இருக்கும். "நாங்கள் காலையில் வாசலில் கோலமிட்டு, பரதநாட்டியம் பயில்வோம்." பிள்ளைகள் காலையில் மீன் கூடைக்கு ஐஸ் உடைப்பார்கள்.

"சார், இந்தப் பிள்ளைங்க பரதநாட்டியத்த டிவியிலதான் பாத்திருக்காவ" என்றேன் ஒரு நாள்.

"டீச்சர், நாம இந்தியாவோட பிரதிநிதி. உங்க தெருவோட பிரதிநிதி இல்ல. சிம்பிள்" என்றார்.

அவரைப் பற்றி இன்னொரு சின்ன விஷயம். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளிக்கிழமை அவர் எல்லாம் முடித்து, பையைத் தோளில் மாட்டி, செருப்பில் கால் நுழைத்துவிட்டார். சத்துணவு அம்மா தெரியாத்தனமாக, "சார், எங்க கெளம்பிட்டிய?" என்று கேட்டுவிட்டார். தங்கதுரை சார் முகம் சுருங்கியது. செருப்பைக் கழற்றினார். திரும்பி வந்தார். கைக்குட்டையை மறுபடி விரித்து உட்கார்ந்தார். ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். ஐந்து நிமிடம் கழித்துத்தான் எழுந்து போனார். எங்களுக்கு அது விநோதமாகத் தெரியவில்லை. யார்தான் செய்யவில்லை?

முதல் வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். திரையில் அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள். இந்தப் பக்கம் எங்கள் பிள்ளைகள். இரண்டு பக்கமும் ஒரு நிமிடம் பேச்சே இல்லை. நான் ஆங்கிலம் பேசினால் அந்தப் பக்கத்து டீச்சருக்குப் புரியுமா என்று எனக்குப் பயம். அப்போது பின் பெஞ்சிலிருந்து அந்தோ என்ற பயல் என்னிடம் குசுகுசுத்தான்.

"டீச்சர், அவங்களும் நம்மள மாதிரியே முழிக்காங்க."

உண்மைதான். உற்றுப் பார்த்தேன். அந்தப் பிள்ளைகளின் மடியிலும் துண்டுச் சீட்டு. அவர்களின் ஆசிரியை, மோரி என்று பெயர், என் வயதுதான் இருக்கும். அவரும் கையிலிருந்த சீட்டைத் திரும்பத் திரும்ப மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடப் பயம் எனக்கு அந்த ஒரு நிமிடத்தில் இறங்கியது. ஆங்கிலம் யாருடைய வீட்டுச் சொத்தும் இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

தங்கதுரை சாருக்குப் பத்தரைக்கு வேறு பள்ளிக்குப் போக வேண்டும். ஒப்பித்தல் முடிந்ததும் போய்விடுவார். மோரி டீச்சர் இணைப்பை அணைக்கவில்லை. நானும் அணைக்கவில்லை. திட்டத்தில் எழுதாத அந்த அரை மணி நேரம்தான் உண்மையான வகுப்பு.

அந்தப் பக்கம் ஹானா என்று ஒரு பிள்ளை. இந்தப் பக்கம் விண்ணரசி. விண்ணரசியின் அப்பா இன்னாசி சங்கு குளிக்கிறவர். விடியுமுன் வள்ளத்தில் போய், கடலுக்கடியில் சங்கு கிடக்கும் திட்டில் மூழ்கி எடுத்து, பொழுது சாய்வதற்குள் திரும்புவார். அந்தத் திட்டுகளைப் பார் என்பார்கள். முன்பு அதே பார்களில்தான் முத்துச் சிப்பி எடுத்தார்களாம். ஹானாவின் அம்மாவோ அங்கே முத்துப் பண்ணையில் வேலை பார்க்கிறவர். சிப்பியின் வாயை மெல்லத் திறந்து உள்ளே ஒரு சின்ன மணியை வைத்துத் திரும்பவும் கடலில் தொங்கவிடுவார்களாம். அதைச் சுற்றி முத்து வளருமாம்.

ஹானா இதை வரைந்து காட்டியதும் எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது.

"அது கள்ள முத்துலா?" என்றான் அந்தோ.

"எப்படிலே கள்ளமாகும்? சிப்பிதான செய்யுது?" என்றாள் விண்ணரசி.

"மணி இவங்க வச்சதுளா."

"வெதை நீ போட்டா தேங்கா கள்ளத் தேங்காயா?"

நான் குறுக்கே போகவில்லை. விண்ணரசி கேமரா பக்கம் திரும்பினாள். சிப்பிக்கு வலிக்குமா என்று அவளுக்குக் கேட்க வேண்டும். என்னிடம் வார்த்தை கேட்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் சிப்பி மாதிரி சேர்த்து, விரலால் நடுவில் குத்தி, முகத்தைச் சுளித்து, "ஆய்ஸ்டர் பெயின்? எஸ் ஆர் நோ?" என்றாள். இலக்கணப்படி பாதி மார்க். ஆனால் இருபத்தெட்டு வருடத்தில் என் வகுப்பில் ஒரு பிள்ளை பதில் தெரிந்தே ஆக வேண்டும் என்று கேட்ட முதல் ஆங்கிலக் கேள்வி அதுதான்.

ஹானாவுக்கும் தெரியவில்லை. அடுத்த வாரம் வீட்டில் கேட்டுவந்து சொன்னாள்: "அம்மாவுக்கும் தெரியாதாம். ஆனால் கை அவசரப்பட்டால் சிப்பி செத்துவிடுமாம்." அடுத்த கேள்வி ஹானாவுடையது. உன் அப்பா எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிப்பார்? வகுப்பே மூச்சைப் பிடித்து எண்ணியது. இரண்டு நாடும் சேர்ந்து எண்ணின. அந்தோ நாற்பத்தொன்றில் வாயைத் திறந்துவிட்டான். அந்தப் பக்கம் ஒரு குண்டுப் பையன் அறுபது வரை போனான். எண்கள் மனப்பாடமானது எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

முத்து நகரம் என்று ஊருக்குப் பெயர். "முத்த நான் பாத்ததே இல்ல டீச்சர்" என்றாள் விண்ணரசி. வகுப்பில் யாருமே பார்த்ததில்லை. ஹானா அம்மாவிடம் கேட்டு ஒரு முத்தைக் கொண்டுவந்து கேமராவுக்குக் காட்டினாள். நன்றாகத் தெரிய வேண்டும் என்று பக்கத்தில், இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தாள். திரை முழுக்க வெள்ளையாகிவிட்டது. வேறு ஒன்றுமே இல்லை. பிள்ளைகள் அந்த வெள்ளையைப் பார்த்து வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள்.

நான்கு மாதம் இப்படிப் போனது. பச்சை மை ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

இனி அந்த நாள்.

ஆய்வு நாள். சென்னையிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். தங்கதுரை சார் அன்று கைக்குட்டை விரிக்க மறந்துவிட்டார், அவ்வளவு பதற்றம். முன் பெஞ்சில் ஒன்பது பேர். பச்சை மைப் பதில்கள் ஒழுங்காகவே ஓடின. கரும்புத் தோட்டம் வந்தது, கோலம் வந்தது. கடைசியில் ஹானா ஒரு பெரிய அட்டையைத் தூக்கினாள். அவர்கள் வகுப்பே சேர்ந்து வரைந்த வரைபடம். ஒரு பாதியில் அவர்கள் கடல், மறு பாதியில் நம் கடல். தீவுகள் கூட வரைந்திருந்தார்கள். அவள் கையில் ஒரு சிவப்புக் குண்டூசி. அவர்கள் பக்கத்தில் அவள் அம்மாவின் முத்துப் பண்ணை இருக்கும் இடத்தில் ஏற்கனவே ஒன்று குத்தியிருந்தது.

ஹானா சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் கேட்டாள்: "விண்ணரசி, உன் அப்பா இப்போது எங்கே? காட்டு. நான் குத்துகிறேன்."

பட்டியலில் இல்லாத கேள்வி. ஆனால் இதைவிட எளிய கேள்வி உண்டா? விண்ணரசி எழுந்தாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். மேசைமேல் கடிகாரம் ஓடியது. பின்னால் ஒருவர் இருமினார்.

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். அவள் தோளைப் பிடித்து அழுத்தினேன். "ஏளா, வாயத் தெற. மன்னார் வளைகுடான்னு சொல்லு, போதும்" என்று காதில் சீறினேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் தள்ளிவைக்க முடியவில்லை. பிறகு திரையைப் பார்க்காமல் சொன்னாள்: "ஐ டோண்ட் நோ."

தங்கதுரை சார் எழுந்துவிட்டார். நிலைமையைக் காப்பாற்ற நினைத்து, பெஞ்சில் ஒவ்வொருவராகக் கேட்டார். "வேர் இஸ் யுவர் ஃபாதர் நவ்?" அந்தோ: "ஐ டோண்ட் நோ, சார்." அடுத்த பிள்ளை: "ஐ டோண்ட் நோ, சார்." எட்டுப் பேர், ஒரே பதில். ஒன்பதாவது முத்துக்குமார். அவன் மட்டும் படாரென்று எழுந்து, தன் அப்பா உப்பளத்தில் இருக்கிறார், இன்றைக்கு உப்பு வாருகிறார் என்று முழு வாக்கியமாகச் சொன்னான். சார் அவன் முதுகில் தட்டினார். ஒருவனுக்காவது ஆங்கிலம் தெரிகிறதே என்று.

எந்த எட்டுப் பேர் வாயடைத்தார்கள், எந்த ஒருவன் பேசினான் என்று அந்த அறையில் இருந்த படித்தவர்கள் ஒருவரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

மூன்று மணிக்குள் கேமராவும் கணினியும் துண்டில் சுற்றப்பட்டுப் பைக்கில் ஏறிவிட்டன. ரிப்போர்ட்டைச் சார் என் மேசையில் உட்கார்ந்தே எழுதினார். தங்கள் தந்தையின் தொழில் பற்றிய எளிய கேள்விக்குக்கூட மாணவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. கடலோரப் பள்ளிகள் இத்திட்டத்துக்கு இன்னும் தகுதி பெறவில்லை. கீழே வகுப்பாசிரியர் கையெழுத்து என்று இடம் விட்டிருந்தார். நான் போட்டேன். மோரி டீச்சருக்கு அவர் சொல்லச் சொல்ல ஒரு மெயிலும் அனுப்பினேன்: எங்கள் மாணவர்களின் பலவீனத்துக்கு வருந்துகிறோம்.

நாலரை மணிக்கு விண்ணரசியைப் பிடித்து நிறுத்தினேன். "என்னளா நெனச்சிட்டு இருக்க? நாலு மாசம் அந்தப் பேச்சுப் பேசுன. இன்னிக்கு என்ன வந்துச்சு வாய்க்கு?"

"அப்பா கரைக்கு வரட்டும் டீச்சர். வந்த பொறவு சொல்லுதேன்."

"எதச் சொல்லுவ?"

பையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தாள். எனக்கு இருந்த ஆத்திரத்தில் நானும் பின்னாலேயே போனேன். அத்தனை வருடத்தில் மாலை நேரம் அந்தக் கரைக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. பஸ் பிடிக்கவே எனக்கு நேரம் சரியாக இருக்கும்.

வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. விண்ணரசியின் அம்மா லூர்து கூடையோடு நின்றார். என்னைப் பார்த்ததும் பதறி, "என்ன டீச்சர், பிள்ள எதுவும் தப்புப் பண்ணிட்டாளா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. திகைப்புதான்.

"கடலுக்குப் போன ஆளப் பத்தி, இப்ப எங்கன இருக்காவன்னு கேப்பாவளா டீச்சர்?"

"ஏன், கேட்டா என்ன?"

"ஆள் கரையேறுத வரைக்கும் நாங்க சொல்ல மாட்டோம். கேக்கவும் மாட்டோம். இந்தா, இந்த எடத்துல இருக்காவன்னு வாயால சொன்னா கடலுக்குக் காது கேக்கும்."

இன்னாசியின் வள்ளம் வந்தது. அவர் இடுப்பளவு தண்ணீரில் குதித்தார், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார், ஈர மணலில் கால் வைத்தார். விண்ணரசி அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு காலும் மணலில் பட்டதும் என் பக்கம் திரும்பினாள். மடை திறந்த மாதிரி ஆங்கிலம் வந்தது. என் அப்பா இன்றைக்கு இந்தப் பாருக்குப் போனார். வள்ளத்தில் இத்தனை நேரம். இவ்வளவு ஆழம். கீழே தண்ணீர் கலங்கல், அதனால் சங்கு குறைவு. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். பேச்சின் நடுவில் அவள் எங்கும் நிற்கவில்லை. என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் தமிழில் கேட்டாள்: "இத ஹானாட்ட சொல்லலாமா டீச்சர்? கேமராவப் போடுவியளா?"

அதற்குள் கேமரா தூத்துக்குடி போய்ச் சேர்ந்திருக்கும்.

இன்னாசி தலையைத் துவட்டிக்கொண்டே, "என்ன டீச்சர், எம்மவ இங்கிலீசுல யார ஏசுதா?" என்றார். கரையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. அலுவலகத்தில் தங்கதுரை சார் இருப்பார் என்று தெரியும். இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுபோனேன். எட்டுப் பேரின் அப்பாவும் அந்தப் பத்து மணிக்குக் கடலில். முத்துக்குமாரின் அப்பா மட்டும் தரையில். அதனால்தான் அவன் மட்டும் பேசினான். இவ்வளவுதான் அதில் இருந்தது. சார் முழுதாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"டீச்சர், மூட நம்பிக்கைய ரிப்போர்ட்ல எழுத முடியாது."

"நம்பிக்கைய எழுத வேண்டாம் சார். பிள்ளைகளுக்குப் பதில் தெரியும்னு எழுதுங்க. அது போதும்."

"தெரிஞ்சா சொல்லியிருக்கணும். சொல்லல. சிம்பிள்."

மேசைக் கண்ணாடியைத் தூக்கி, என் இரண்டு பக்கத்தையும் அதன் அடியில் வைத்தார். அவ்வளவு மரியாதையாக வைத்தார். இன்னும் அங்கேயே இருக்கிறதோ என்னவோ. அப்போது எனக்கு ஒரு கேள்வி தொண்டை வரை வந்தது. கேட்கவில்லை. பென்ஷனுக்கு இரண்டு வருடம் இருந்தது. பயந்தேன்.

திங்கட்கிழமை என் சொந்த மெயிலைத் திறந்தால் மோரி டீச்சரிடமிருந்து ஒரு கடிதம். நாங்கள் ஏதாவது தவறான கேள்வி கேட்டுவிட்டோமா? ஹானா வீட்டுக்குப் போய் அழுதாளாம். விண்ணரசியின் முகத்தைப் பார்த்தால் பதில் தெரியாத பிள்ளையின் முகம் மாதிரி இல்லையே என்றாளாம். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, இவ்வளவு சின்னத் திரையில், ஒரு பதினாலு வயதுப் பிள்ளை பார்த்துவிட்டாள். ஓரடி தள்ளி, தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் பார்க்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், யார் பச்சை மையும் இல்லாமல், எல்லாவற்றையும் எழுதினேன். பத்து நாள் கழித்து ஒரு புகைப்படம் வந்தது. அதே வரைபடம். நம் கடல் பக்கத்தில் சிவப்புக் குண்டூசி குத்தியிருந்தது. ஆனால் கடலில் இல்லை. கரையில். எங்கள் ஊர் மணலில், கடலும் நிலமும் தொடும் கோட்டின்மேல். கீழே ஹானாவின் கையெழுத்து: விண்ணரசியின் அப்பா வந்து சேரும் இடம்.

என் செல்போனை விண்ணரசியிடம் காட்டினேன். விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "சரியான எடம் டீச்சர்" என்றாள்.

அதோடு முடிந்தது. வேறு கேமரா வரவில்லை. கொரோனா வந்தது. நான் ஓய்வு பெற்றேன். விண்ணரசி இப்போது தூத்துக்குடியில் கல்லூரி முடிக்கப் போகிறாள். அவள் தங்கை அதே பள்ளியில், சுபாவின் வகுப்பில், ஒன்பதாவது. அக்கா சொன்ன முத்துக் கதையைக் கேட்டே வளர்ந்தவள். நமக்கு எப்ப டீச்சர் கேமரா வரும் என்று சுபாவை வாரம் ஒரு தடவை கேட்கிறாளாம். லிஸ்டில் அவள் பள்ளி இல்லை. காரணம், அக்காவும் ஏழு பிள்ளைகளும் தங்கள் அப்பாக்களைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமை. அதன் கீழே என் கையெழுத்து.

எழுதுவதற்கு முன் விண்ணரசியிடம் அனுமதி கேட்டேன். "தாராளமா எழுதுங்க டீச்சர். ஆனா அப்பா எந்தப் பாருக்குப் போனாவன்னு மட்டும் எழுதிராதீங்க. நாளைக்கும் போவாவ" என்றாள். எழுதவில்லை.

என் பங்கு இதுதான். தெரியாமல் ஒரு பிள்ளையின் தோளை அழுத்தினேன். படிக்காமல் இல்லை, படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். உண்மை தெரிந்த பிறகும் அலுவலகத்தில் வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்தேன். அந்தக் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று மாவட்ட அலுவலகத்துக்கு இந்த வாரம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இங்கே அச்சிலும் சொல்லிவிட்டேன்.

இனி உங்கள் பங்கு, தங்கதுரை சார். அதே மண்டபத்தில் வரும் வாரம் அடுத்த பயிற்சி நடக்கிறது. நீங்கள்தான் பேசுகிறீர்கள். நானும் வருவேன், முன் வரிசையில் உட்காருவேன். அன்றைக்கு உங்கள் அலுவலகத்தில் தொண்டையோடு நின்ற கேள்வியை இப்போது எல்லார் முன்பும் கேட்கிறேன். சத்துணவு அம்மா "எங்க கெளம்பிட்டிய" என்று கேட்டதும் செருப்பைக் கழற்றித் திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தீர்களே, அது ஏன்? பைக்கில் தார் ரோட்டில் போகிற உங்களுக்கு அந்தத் தண்ணீர் வேண்டியிருந்தது என்றால், அப்பா கடலுக்கடியில் இருக்கும்போது ஒரு பிள்ளை வாயை மூடியது எப்படி ஆங்கிலம் தெரியாத குற்றமாகும்?

அந்த மைக்கிலேயே பதில் சொல்லுங்கள். கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வையுங்கள். நாற்பது விநாடி போதும். தெரியாது என்றால் தெரியாது என்றாவது சொல்லுங்கள், அதை எட்டுப் பிள்ளைகள் உங்களுக்கு ஏற்கனவே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.